தலை உதறும் வரை

பனிக்குழாய் "நன்றிங்க" என்று சொன்னதைச் சுபலட்சுமி மாடியிலிருந்து தெளிவாகக் கேட்டாள்.

ஐப்பசி மாதம். அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் விடியலிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. காவிரியில் முழுகிவிட்டு வருகிறவர்களின் ஈரப்புடவைகள் தரையில் கோடு போட்டுக்கொண்டு போக, மஞ்சள் வாசனையும் ஆற்றுச் சேற்றின் வாசனையும் எங்கோ தாளிக்கிற கடுகு வாசனையும் ஒன்றாகக் கலந்து மாடிவரை ஏறி வந்துகொண்டிருந்தன. தெருமுனையில் நிற்கும் பனிக்குழாய், வெயில் காலத்தில் பனிபோல் நீர் தூவித் தெருவைக் குளிரவைக்கச் சாந்தம் கம்பெனி நட்டுவைத்தது. பங்குனியில் திறப்பார்கள்; ஆடிக்காற்று ஓய்ந்ததும் மூடிவிடுவார்கள். மழைநாளில் அது திறந்து யாரும் பார்த்ததில்லை. இன்று திறந்தது. அதுவும் தெரு முழுவதற்கும் இல்லை. கீழ்வீட்டு மயிலம்மாளின் தலைக்கு மேலே மட்டும்.

"அடி ஆத்தி! மழையில நனைஞ்சவளுக்குப் பன்னீர் தெளிக்கிறான் பாரு," என்று பூக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி மயிலம்மாள் சிரித்தாள். "இந்த வயசுல எனக்கு எவன்டி மாப்பிள்ளை பாத்தது?"

"பாத்தவனுக்குக் கண்ணு தெரியாதா இருக்கும் அக்கா," என்றாள் எதிர்வீட்டுச் சந்திரம்மாள்.

மயிலம்மாள் இரண்டடி நகர்ந்தாள். பனியும் நகர்ந்தது. அவள் நின்றாள். பனியும் நின்றது. பிடரியில் குளிர் இறங்கியிருக்க வேண்டும். அவள் தலை வெடுக்கென்று ஒருமுறை சிலுப்பிக்கொண்டது, அந்தச் சிலிர்ப்பு தோளுக்கும் முதுகுக்கும் இறங்கி, உடம்பு முழுவதும் ஓர் உதறு உதறி ஓய்ந்தது.

அப்போதுதான் குழாய் அதைச் சொன்னது.

சத்தமில்லாத வண்டி ஒன்று சந்துக்குள் வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருவர் இறங்கிக் கைகூப்பினார்கள். மயிலம்மாள் ஏதோ கேட்டாள், அவர்கள் ஏதோ சொன்னார்கள், அவள் ஏறிக்கொண்டாள். வண்டி போன பிறகு குழாயடியில் பூக்கூடை இருந்தது. ஒரு செருப்பு நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தன.

எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று தெருவில் ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட அந்த ஊரில் யாருக்கும் வராது.

அது என்ன ஊர் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. திருச்சிதான், ஸ்ரீரங்கந்தான், ஆனால் இன்னும் சில வருஷம் கழித்து வரப்போகிற திருச்சி. பெரியவர்கள் எல்லாருக்கும் காதுக்குப் பின்னால் மிளகளவு ஒரு பொட்டு பதித்திருந்தது. சாந்தம் கம்பெனி இலவசமாக வைத்துவிட்டது. கோபம் நெஞ்சிலிருந்து கிளம்பித் தலைக்கு ஏறுவதற்குள் அந்தப் பொட்டு அதை உறிஞ்சிக்கொண்டுவிடும். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இடித்தால் இடித்தவரும் இடிபட்டவரும் சிரித்துக்கொண்டு போவார்கள். போலீஸ் ஸ்டேஷன்களைப் பூட்டியாகிவிட்டது. தண்ணீர், கரண்ட், பஸ், ஆஸ்பத்திரி, வீடு எல்லாமே கம்பெனி கையில். யாருக்கும் அதில் குறை இல்லை. குறை சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் கோபம் வேண்டுமே. பத்து வயது வரைக்கும் குழந்தைகளுக்குப் பொட்டு வைக்கமாட்டார்கள். அதனால் ஊரில் காலை உதைத்து அழுகிற சத்தம் குழந்தைகளிடம் மட்டுந்தான் கேட்கும். அதைக் கேட்கவே பெரியவர்கள் ஜன்னலைத் திறந்துவைப்பார்கள்.

பயத்தை மட்டும் அந்தப் பொட்டு எடுத்துக்கொள்வதில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தார்கள்.

"என்னங்க, மயிலம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

சுபலட்சுமியின் கணவன் நவநீதன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். "அக்கரைக்கா? நல்ல இடம் சுபா. கவனிச்சுக்குவாங்க."

அக்கரை என்பது கொள்ளிடத்தின் வடகரையில் கம்பெனி கட்டியிருக்கும் நீளமான வெள்ளைக் கட்டடம். ஓய்வில்லம் என்று சொல்வார்கள். சமயபுரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது அதன் ஜன்னல்கள் தெரியும். ஒரு ஜன்னலும் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"நல்ல இடம்னா செருப்பைப் போட்டுக்கிட்டுப் போகமாட்டாங்களா?"

அவன் சிரித்துவிட்டு, மகள் மணியின் தலையைத் தடவிவிட்டு, வேலைக்குப் போய்விட்டான்.

அன்று முழுவதும் அந்த உதறல் சுபலட்சுமியின் கண்ணை விட்டுப் போகவில்லை. அரிசி களைந்தபோது வந்தது. துணி பிழிந்தபோது வந்தது. எங்கேயோ பார்த்திருக்கிறோம், இதே மாதிரி தலையில் தொடங்கி வால்வரைக்கும். வால். குழம்புக் கரண்டி அவள் கையில் நின்றது. மனுஷிக்கு ஏது வால்?

ஆடு.

முசிறிப் பக்கம் அவளுடைய ஊரில், குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயை வெட்டுவதற்குமுன் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடனே வெட்டிவிடமாட்டார்கள். சுற்றி நின்று கைகூப்பிக் காத்திருப்பார்கள். ஆடு தானாகத் தலையை உதற வேண்டும். உதறினால் அது சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். பெண்கள் குலவையிடுவார்கள், அரிவாள் இறங்கும். உதறாவிட்டால் இன்னொரு சொம்பு. அதற்கும் உதறாவிட்டால் இன்னொன்று. ஆட்டை யாரும் தொடக்கூடாது. அவசரப்படுத்தக் கூடாது.

இதைக் கம்பெனிக்கு அவள்தான் சொன்னாள்.

மணி பிறப்பதற்கு முன்னால் தென்னூரில் இருந்த கம்பெனி ஆபீஸில் அவளுக்கு வேலை. இந்த ஊர் ஜனங்களின் பழக்கவழக்கத்தை மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. இங்கே மனிதர்கள் வாயைத் திறக்காமல் எப்படியெல்லாம் சரி என்று சொல்வார்கள் என்று ஒருநாள் கேட்டார்கள். வெற்றிலைபாக்கை எடுத்துக்கொள்வது, பெண் பார்க்கையில் தலைகுனிவது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லாரும் சிரிக்கட்டும் என்று ஆட்டுக் கதையையும் சொன்னாள். வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்: தண்ணீர் ஊற்றினால் குளிரில் உதறாதா? அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "குளிர்லதான் உதறும் சார். ஆனா அதை யாரு கேக்கறா?"

எல்லாரும் சிரித்தார்கள். மெஷின் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் பஸ் ஏறினாள். டிரைவர் இல்லாத பஸ் காவிரிப் பாலத்தின்மேல் மெதுவாகப் போனது. கீழே செம்மண் கரைந்த ஆறு நுரைத்துக்கொண்டு ஓட, மலைக்கோட்டை மழைக்குள் பாதி மறைந்து நின்றது. தென்னூர் ஆபீஸில் அவளுடன் வேலை பார்த்த மன்சூர் இன்னும் அதே நாற்காலியில் இருந்தான்.

"வாங்கக்கா, வாங்க! வழி தெரிஞ்சுதா இப்பத்தான்? டீ சொல்லட்டுமா?"

"மன்சூர், அந்தப் பனி எதுக்கு?"

அவன் சிரித்த முகமாகவே சொன்னான். "சம்மதம் கேக்கறதுக்குக்கா. கம்பெனி யாரையும் கட்டாயப்படுத்தாது, உங்களுக்கே தெரியும். ஆனா வாய்விட்டுக் கேட்டா வாய் பொய் சொல்லிடுது. அதான் உடம்புகிட்ட கேக்கறாங்க. நீங்க சொன்ன ஆடுதான்."

"நான் சிரிக்கிறதுக்குச் சொன்னேன் தம்பி."

"மெஷினுக்கு அது தெரியாதே."

"எதுக்குச் சம்மதம்?"

மன்சூர் டீ கிளாஸை நகர்த்தி வைத்தான். "ஊர்க் கோபத்தையெல்லாம் பொட்டு உறிஞ்சுதே, அது எங்க போகும்னு நீங்க யோசிச்சதில்லையா? சாக்கடைத் தண்ணி மாதிரிதான். வடிச்சா எங்கயாவது தேங்கணும். அக்கரையில ஆளுங்க படுத்திருக்காங்க. அவங்க உடம்புல போய்த் தேங்குது. பெரியவங்க ஒரு வாரத்துல ரொம்பிடறாங்க. அதுக்கப்புறம் அவங்களால ஆகாது. குழந்தைங்கதான் வருஷக்கணக்காத் தாங்குது."

கண்ணாடி ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. மேஜையில் ஒரு போட்டோ: பல் விழுந்த வாயோடு சிரிக்கும் சிறுமி. மன்சூரின் மகள்.

"இக்ரா எப்படி இருக்கா?" அவள் கேட்டிருக்கக் கூடாது.

"வெயில் காலத்துல போயிட்டாக்கா. வாசல்ல விளையாடிக்கிட்டிருந்தா. பனி வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே உடம்பை உதறினா." சட்டைக் கையால் போட்டோவைத் துடைத்தான். "எனக்குக் கோபம் வரணும்னு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து பாத்தேன். வரும். வந்ததும் போயிடும். அப்புறந்தான் இங்க ஒருத்தர் சொன்னார். புதுசா வர்ற பிள்ளைங்களைப் பழக்க, முதல்ல பெத்தவங்க கோபத்தைத்தான் அதுங்களுக்குக் குடுப்பாங்களாம். வீட்டுப் பழக்கம் இருக்குல்ல, அதான்."

அவன் உதடுகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. சரியாக மூடாத குழாயிலிருந்து வருவதுபோல் கண்ணிலிருந்து மட்டும் நீர் வந்துகொண்டிருந்தது.

"இப்ப நான் கோபப்படறதே இல்லைக்கா. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன்."

அவள் எழுந்துவிட்டாள்.

"அக்கா, உங்க தெருவுல அடுத்தது உங்க வீடுதான். மணியை ஈரம் படாம பாத்துக்கங்க. மழைக்கு உதறினா கணக்கு இல்லை. கம்பெனித் தண்ணியா இருக்கணும். யாரும் தொட்டிருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து சுபலட்சுமிக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டுந்தான் காதில் விழுந்தது. சமையலறைக் குழாயின் சொட்டு. சுவருக்குள் ஏறும் தண்ணீரின் முனகல். குளியலறையில் யாரும் இல்லாதபோது வாளியில் விழும் ஒற்றைத் துளி. கூடத்தின் கூரையில், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிப்பதற்காகக் கம்பெனி பொருத்தியிருந்த பித்தளைக் குமிழின் நுனியில் எப்போதும் ஒரு சொட்டு திரண்டு, விழாமல், பெருத்துக்கொண்டே தொங்கியது. அதன் கீழே மணியை உட்கார விடமாட்டாள். ஜன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் துணியைத் திணித்தாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. குழந்தையின் தலைமயிர் வியர்த்தாலும் எழுந்துபோய்த் துவட்டினாள்.

"வெளிய விடும்மா! நீ ரொம்ப மோசம்! அப்பாகிட்ட சொல்லுவேன்!" என்று ஏழு வயதுத் தமிழ்மணி காலால் தரையை உதைத்தாள்.

"கத்தாதே கண்ணு."

"கத்துவேன்!"

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கிற சத்தம் கேட்டது. கேட்கத்தான் திறக்கிறார்கள். எப்போதும் கேட்கிற சத்தந்தான் அது. ஆனால் இப்போது அது, சந்தையில் ஆட்டின் பல்லைத் தூக்கிப் பார்ப்பதுபோல் இருந்தது.

எங்கே ஓடுவது? பஸ் அவர்களுடையது. ரயில் அவர்களுடையது. முசிறியிலும் குழாய் நட்டாகிவிட்டது.

சந்திரம்மாள் ஒருநாள் சொம்போடு வந்து நின்றாள். "கோயில்லேருந்து தீர்த்தம் கொண்டாந்தேன் சுபா. பாப்பா தலையில ரெண்டு சொட்டுத் தெளிச்சிட்டுப் போயிடறேன்."

"வேணாங்க."

"தீர்த்தத்தை வேணாம்னு சொல்லுவாங்களா யாராச்சும்?" அவள் கோபப்படவில்லை. அவளால் முடியாது. அன்பாகச் சிரித்துக்கொண்டு, கதவிடுக்கில் விரல்களை நீட்டினாள். விரல் நுனிகளிலிருந்து நீர் சொட்டியது. பெருமாள் வாசனை இல்லை அதில். துளசி இல்லை, பச்சைக் கற்பூரம் இல்லை. வெறும் குழாய்த் தண்ணீரின் மருந்து வாசனை.

கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றாள். வெளியே சந்திரம்மாள் போகவில்லை. மூச்சு கேட்டது.

எத்தனை நாளைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டாமல் வைத்திருப்பது? தலை சிக்குப்பிடித்து நாற ஆரம்பித்தது. மழைக்குக் கணக்கு இல்லை என்று மன்சூர் சொன்னது நினைவுக்கு வர, ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் அண்டாவை வைத்து மழையைப் பிடித்தாள். அந்தத் தண்ணீரில், மழையிலேயே நிறுத்தி, மகளுக்குத் தலைக்கு ஊற்றினாள். குழந்தைக்குக் கொண்டாட்டம். குதித்தது, கத்தியது, நடுங்கியது, பல் கிட்டியது. "நடுங்கு கண்ணு, இதுக்கு நடுங்கலாம்," என்று சுபலட்சுமியும் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல்.

உடம்பு அனலாகக் கொதித்தது. கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. கஷாயம் வைத்துக் கொடுத்தாள், கம்பளியைப் போர்த்தினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மழை விட்டது. விட்டதும் வீட்டுக்குள் இருந்த சத்தங்கள் எல்லாம் ஒன்றொன்றாக மேலே வந்தன. குமிழ். குழாய். சுவர். பிறகு படிக்கட்டில் காலடிகள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிற சத்தம். ஒரு ஜோடி. இரண்டு. அப்புறம் நிறைய.

"என்னங்க, கதவைத் திறக்காதீங்க."

"பாவம், வாசல்ல நிக்கிறாங்களே சுபா," என்றான் நவநீதன். திறந்தான்.

வெள்ளைச் சட்டையில் ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணின் கையில் பித்தளைச் சொம்பு, மேலே வேப்பங்கொத்து. மஞ்சள் வாசனை. எதையும் விட்டுவிடாமல் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் படிநெடுகத் தெருப்பெண்கள் ஈரத்தலையோடு, சிரித்த முகத்தோடு நின்றார்கள். முன்னால் சந்திரம்மாள்.

"வணக்கங்க. கட்டாயம் ஒண்ணுமில்லை," என்றான் இளைஞன். "பாப்பாவே சொல்லட்டும். வேணாம்னா நாங்க போயிட்டு நாளைக்கு வர்றோம்."

சுபலட்சுமி மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். "என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் சம்மதிக்கிறேன்."

"வாய் பொய் சொல்லிடுதுங்க அக்கா."

அவள் தலையை உதறினாள். கொண்டை அவிழ உதறினாள். தோளை, கையை, உடம்பை, பேய் பிடித்தவளைப்போல. படிக்கட்டில் யாரோ 'ச்சுச்சு' என்று பரிதாபப்பட்டார்கள்.

"தானா வரணுங்க," என்றாள் சொம்பு வைத்திருந்தவள். "நீங்க சொன்னதுதான்."

வேப்பங்கொத்து நனைந்தது. மணியின் உச்சியில் நீர் விழுந்தது. சுபலட்சுமி இரண்டு கைகளாலும் குழந்தையின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுத்துடுங்க. தொட்டா கணக்கு இல்லை. அவசரமில்லை, நாங்க நிக்கிறோம்."

நின்றார்கள். கைகூப்பி நின்றார்கள். யாரும் இருமவில்லை. கூரைக் குமிழில் சொட்டு பெருத்தது. உள்ளங்கைகளுக்கு நடுவே மகளின் தலை கொதித்தது. அதன் அடியில், எங்கோ ஆழத்தில், பல்லோடு பல் தட்டுகிற மெல்லிய சத்தம். குளிர்காய்ச்சல். ஏறிக்கொண்டு வந்தது.

"காய்ச்சல்ங்க அது," என்றாள். "குழந்தைக்குக் காய்ச்சல். குளிருது. அவ்வளவுதான். குளிர்ல உதறுறா!"

இளைஞன் மரியாதையாகத் தலையாட்டினான். "இருக்கலாங்க. ஆனா அதை யாரு கேக்கறா?"

அவள் கைகள் மரத்துப்போயின. விலக்கியது யார் என்று தெரியவில்லை. நவநீதனாக இருக்கலாம். மென்மையாகத்தான் விலக்கினான்.

மேலே குமிழிலிருந்து ஒரு சொட்டு.

மணியின் தலை வெடுக்கென்று சிலுப்பியது. தோள். முதுகு. பாதம்வரை.

"நன்றிங்க," என்றது குமிழ்.

குலவை. படிக்கட்டு முழுவதும். ஈர நாக்குகள். சந்திரம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே.

குழந்தையின் நெற்றியில் மிளகளவு, சிவப்பாக, கம்பெனிப் பொட்டு ஒன்றை ஒட்டினார்கள். தோளில் தூக்கிக்கொண்டார்கள். "அம்மா," என்றாள் மணி தூக்கக் கலக்கத்தில். படியில் இறங்கினார்கள்.

சுபலட்சுமிக்கு அடிவயிற்றிலிருந்து அது கிளம்பியது. கோபம். இத்தனை வருஷக் கோபம். நெஞ்சுக்கு வந்தது. தொண்டைக்கு வந்தது. காதுக்குப் பின்னால் சில்லென்று ஆனது. போய்விட்டது.

படியில் குழந்தை வீறிட்டது. சூடு போட்டதுபோல் அந்தத் தோளில் துள்ளி விழுந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

வேண்டாம். கோபப்படாதே. நினைக்காதே. காதுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்துத் தோண்டினாள். ரத்தம் வந்தது. பொட்டு வரவில்லை. அது எலும்பில் வேர் விட்டிருந்தது. வேண்டாம். சிரி. சிரித்தாள். வாயை இழுத்துச் சிரித்தாள். கீழே வண்டிக் கதவு திறந்தது. நவநீதன் அவள் தோளில் கைவைத்து, "நல்ல இடம் சுபா," என்றான்.

வந்தது.

கீழே குழந்தை துள்ளியது.